ஒரு பனியனைப் பார்க்க இரண்டு கை

காலை ஒன்பது இருபதுக்கு நான் என் மகளின் கையை விட்டேன். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். எதிரே பஞ்சாமிர்தக் கடையில் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று தொங்கியது. பதினொரு மணிக்கு வண்டி கிளம்பிவிடும் என்று எங்களை அழைத்துவந்தவர் கறாராகச் சொல்லியிருந்ததால், எங்கே கடிகாரம் கண்ணில் பட்டாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விட்டதற்குக் காரணம் ஒரு பனியன்.

பழனி அடிவாரத்தில், மலைக்குப் போகும் வழியில், ஒருவர் தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பனியன்களைக் குவித்திருந்தார். "மூணு நூறு, மூணு நூறு" என்று கத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி. நெஞ்சில் நீலத்தில் ஒரு பாய்மரப் படகு. என் மகள் போட்டிருந்ததும் அதே பனியன்தான். அந்தப் படகை எனக்கு நன்றாகத் தெரியும். நான் செக்கிங் சூப்பர்வைசராக வேலை பார்த்த கம்பெனியில் தைத்த லாட் அது. படகு ஒரு விரல் அளவு இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது என்று நான்தான் அதை ரிஜக்ட் செய்து தள்ளினேன். மொத்தத்தையும் வெட்டி வேஸ்ட்டில் போட்டுவிட்டதாக முதலாளி சொல்லியிருந்தார். இங்கே பழனியில் குவிந்து கிடக்கிறது.

குனிந்து ஒன்றை எடுத்தேன். பனியனைப் பார்க்க இரண்டு கை வேண்டும். ஒரு கையை உள்ளே விட்டுப் புரட்ட வேண்டும். இன்னொரு கையால் பக்கத் தையலை இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். செக்கிங்கில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணும் இதைச் செய்வாள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத குழந்தையின் சட்டை ஓரத்தை மடித்துப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. பனியனைக் கீழே போட்டுவிட்டு, திரும்பாமலே பக்கத்தில் கையைத் துழாவினேன். சின்னக் கை ஒன்று அகப்பட்டது. பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தேன்.

அந்தக் கை முரண்டு பிடித்தது. குனிந்து பார்த்தேன். மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், மஞ்சள் பனியன், படகு. ஆனால் அது என் குழந்தை இல்லை.

என் பாப்பாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. தனியாக பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தெருமுனை திரும்பும்வரை என் உள்ளங்கை வியர்க்கிறது. அது யாருக்கும் புரிவதில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். பிறந்தால் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்று வயதில் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் விடுமுறைச் சமயத்தில் ஏற்றுமதி ஷிப்மென்ட் வந்து குறுக்கே நிற்கும். ஆறு வயது ஆகி, சடை இடுப்பைத் தொட்ட பிறகுதான் நாள் அமைந்தது. அதுவும் நாங்களாக அமைத்த நாள் இல்லை. கம்பெனியில் தையல் பிரிவை எடுத்து நடத்திய கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்காக ஏற்பாடு செய்த பயணம். துணி ரோல் ஏற்றும் கம்பெனி வேனை முதலாளி ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் இலவசமாகக் கொடுத்தார். பிற்பகல் மூன்று மணிக்குச் சாயப்பட்டறைக்குத் துணி ஏற்ற வண்டி திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. டீசல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் போதும். பஸ்ஸில் போவதைவிட மலிவு என்று நானும் என் வீட்டுக்காரரும் பெயர் கொடுத்தோம்.

கான்ட்ராக்டருக்கும் எனக்கும் ஆகாது. அவர் ஆட்கள் தைத்ததை நான் தள்ளுவேன். தள்ளியதை அவர் மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. எட்டு வருஷப் பகை. ஆனாலும் ஒரு நாள்கூட என்னிடம் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் பகையையும் 'ங்க' போட்டுத்தான் நடத்துவார்கள்.

விடிவதற்குள் அருள்புரத்தில் ஏறினோம். ஏழு குடும்பம், பதினோரு குழந்தைகள். உள்ளே வேஸ்ட் துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டோம். வேன் பல்லடம் தாண்டியதும் கான்ட்ராக்டர் ஒரு கட்டைப் பிரித்துக் குழந்தைகளுக்கெல்லாம் மஞ்சள் பனியன் கொடுத்தார். லாட்டிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்தாராம். அந்த யோசனை என்னுடையது. குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே நிறம் போட்டால் கூட்டத்தில் தொலையாது என்று முந்தின வாரம் நான்தான் சொன்னேன். எதையும் பயந்து பயந்து யோசிப்பது என் பழக்கம். பாப்பாவின் தோடு, சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றிப் பீரோவில் வைத்தேன். "யார் பேர் கேட்டாலும் சொல்லாதே. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் போகாதே" என்று பொங்கலூர் வருவதற்குள் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினாள்.

பழனியில் எட்டு மணிக்கு இறங்கினோம். கோயில் மண்டபத்தில் வரிசை நீளம். கான்ட்ராக்டர் தனக்குப் பழக்கமான ஒரு தனியார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஒரு சந்துக்குள் இருந்தது. பலகை போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தரிசனச் சீட்டு வரிசையில் நிற்கப் போனார். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தூண் மறைவில் கடைசியாக இருந்த நாவிதர் முன் உட்கார்ந்தேன். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். கை நிதானமாக ஓடியது.

சடை விழுந்ததும் பாப்பா கேட்டாள். "என் சடை எங்கம்மா போகும்?"

"சாமிக்கு."

"ரிப்பனுமா?"

பதில் சொல்வதற்குள் அவள் ரிப்பனைத் தேடி வெடுக்கென்று திரும்பினாள். கத்தி வலது காதின் பின்னால் பட்டுவிட்டது. ஒரு நகத்தளவு கீறல்தான். ஆனால் தண்ணீரோடு கலந்து கழுத்து வரை சிவப்பாக இறங்கியது. நான் கத்தினேன்.

"பாப்பா ஆட்டிருச்சும்மா. சந்தனம் வெச்சா நின்னுரும்" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. ஆட்டியது அவள்தான். அவளைப் பிடித்திருக்க வேண்டியவள் நான். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்து, அவர் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். சொந்த ஊர் குன்னத்தூரில் எங்கள் அப்பா வரப்பில் நின்றுகொண்டு அதைச் சொல்வார். சின்ன வயதில் கேட்கக் கூசியிருக்கிறேன். பி.ஏ. படித்தபோது, அது என் வாயில் வராது என்று நினைத்திருந்தேன். நல்ல சத்தமாகவே வந்தது. கொட்டகையில் மற்ற கத்திகளெல்லாம் ஒரு கணம் நின்றன.

அவர் கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு மிச்சத் தலையையும் மழித்தார். காதருகே வந்தபோது இன்னும் மெதுவாக மழித்தார். நான் நீட்டிய காசை வாங்கவில்லை. அடுத்த ஆளை உட்காரச் சொன்னார்.

குழாயடியில் தண்ணீர் ஊற்றும்போது பாப்பா, நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லி, "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டாள்.

"பேசாம குளி" என்றேன்.

அது எட்டே முக்கால் இருக்கும். ஒன்பது இருபதுக்கு அவள் இல்லை.

முதல் பத்து நிமிடம் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். ஓட ஓடத்தான் கண்ணில் பட்டது. அடிவாரம் முழுக்க அதே மஞ்சள் பனியன். மொட்டை போட்டுக் குளித்த குழந்தைக்குப் புதுத்துணி போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது. சாமிக்கு உகந்த மஞ்சள். எல்லோரும் வாங்கியிருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் என் குழந்தை. தோளைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்காவதோ ஐந்தாவதோ குழந்தையின் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "எம் புள்ளையத் தொடாத. என்ன, புள்ள புடிக்கிற கும்பலா நீ?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் என் பையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். வழிவிடவில்லை. நான் அழுதது யாரிடமும் எடுபடவில்லை. நாலு பேர் சுற்றிக்கொண்டு எந்த ஊர், யாரோடு வந்தாய் என்று விசாரித்த பிறகே விட்டார்கள்.

மலை ஏறும் இடத்தருகே மைக் வைத்த ஒரு பந்தல் இருந்தது. ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அங்கே போய் விழுந்தேன்.

"அடையாளம் சொல்லுங்கம்மா" என்றார்.

"மஞ்சள் பனியன். நெஞ்சுல படகு. மொட்டை. சந்தனம்."

எழுதப்போன பேனாவை அவர் கீழே வைத்தார். "யம்மா, இங்கிட்டு வந்து பாருங்க." பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப் போய் வெளியே காட்டினார். கண்ணுக்கு எட்டியவரை மொட்டையும் மஞ்சளும். "அடையாளம் கேட்டா ஊரையே சொல்றீங்களே. ஆம்பளப் புள்ளையா?"

"பொண்ணுங்க."

"தோடு?"

"வீட்டுல கழட்டி வெச்சுட்டேங்க."

"கொலுசு, வளையல், எதுனாச்சும்?"

"இல்லீங்க."

"பேரு சொல்லுமா?"

சொல்லாது என்று சொன்னேன். ஏன் என்றார். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "பின்ன அதைய எப்படித்தான் கண்டுபிடிக்கச் சொல்றீங்க?" என்றார். கேட்டது நியாயம். இருந்தாலும் அவர் கடமை தவறாமல் கால் மணிக்கு ஒரு தரம் மைக்கில் சொன்னார். மஞ்சள் பனியன், படகு, மொட்டை, பெண் குழந்தை, பெயர் இன்னது, அம்மா பந்தலில் இருக்கிறார். வெளியே யாரோ சிரித்தார்கள். "எங்க ஊட்லயே ரெண்டு இருக்குது" என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் ஊர்ப் பேச்சு.

அந்த ஒரு மணி நேரத்தில் பந்தலுக்கு மூன்று குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். மூன்றும் ஆண் பிள்ளைகள். தூரத்தில் மஞ்சள் தெரியும்போதே எழுந்து ஓடுவேன். கிட்டே போனதும் முதலில் என் கண் போனது படகுக்கு. ஒரு விரல் இடப்பக்கம். அதற்குப் பிறகுதான் முகம். வேண்டுமென்று செய்யவில்லை. கண் அப்படிப் பழகியிருந்தது.

வீட்டுக்காரர் சீட்டு வரிசையில் சேதி கேட்டு ஓடி வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "எதுக்குக் கைய உட்ட?" என்றார்.

"பனியனப் பாத்தேனுங்க."

"என்னது?"

"அந்த லாட்டு. நான் ரிஜக்ட் பண்ணினது. கீழ போட்டு வித்துட்டு இருந்தாங்க."

"எதுக்குக் கைய உட்ட?" என்று மறுபடி கேட்டார். அன்று நாலு முறை கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டது முதல் முறை மட்டும்தான்.

போன இடங்களுக்கெல்லாம் திரும்பப் போய்ப் பார்க்கலாம் என்று தீர்மானித்தோம். குழாயடி, பொரிக்கடை, குதிரை வண்டி நிற்கும் இடம், மொட்டைக் கொட்டகை. முதல் மூன்றுக்கும் நான் ஓடினேன். "கொட்டகைக்கு நீங்க போங்க" என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காலையில் அங்கே நடந்தது அவருக்குத் தெரியாது. எந்த நாவிதர் என்றும் தெரியாது. வீட்டுக்காரர் வாசலில் நின்று உள்ளே பார்த்திருக்கிறார். இருபது மொட்டைகள், பாதி மஞ்சள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கொட்டகை இரைச்சலில் அது எங்கே போனதோ, யாரும் திரும்பவில்லை. வந்து "அங்க இல்ல" என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பதினொன்றுக்குக் கான்ட்ராக்டர் பந்தலுக்கு வந்தார். கையில் பஞ்சாமிர்தப் பை. பின்னால் இரண்டு பெண்கள்.

"என்னங்க மேடம், கெடச்சுதுங்களா?"

"இல்லீங்க. இன்னும் ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்துங்க. ஆளுக்கு ஒரு பக்கம் தேடினா கெடச்சுரும்."

"நிறுத்தலாமுங்க. மூணு மணிக்குச் சாயப்பட்டறைல துணிய நீங்க தோள்ல தூக்கிட்டுப் போறதா இருந்தாச் சொல்லுங்க, நிறுத்திரலாம்."

பின்னால் நின்ற ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இன்னொருத்தி, "அட, சும்மா இருங்கண்ணா, பாவம்" என்றாள்.

"நான் என்னம்மிணி சொல்லிட்டேன்? மேடத்தோட கண்ணு எப்பேர்ப்பட்ட கண்ணு! ஆயரம் பீசுக்குள்ள ஒரு ஊசி ஓட்டை இருந்தா எடுத்து மூஞ்சில எறிவாங்க. பெத்த புள்ளையக் கண்டுபுடிக்க மாட்டாங்களா? பதனொரு பனியன் குடுத்தனுங்க. பத்து வண்டில இருக்குது. ஒண்ணு கொறையுது. அது செக்கிங்ல போனதுங்க, தையல்ல இல்ல."

என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். போலீஸ்காரர் எழுந்து வந்து விலக்கினார். கான்ட்ராக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "பஸ் இருக்குதுங்க. பதட்டப்படாம வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் சோற்றுப் பையையும் பாப்பாவின் பாவாடை சட்டையையும் யாரோ பந்தலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. பாப்பாவின் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததாக வீட்டுக்காரர் பிறகு சொன்னார். போலீஸ்காரர் பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, என்னிடம் கடைசியாகக் கேட்டார்.

"உடம்புல எதுனா வடு, மச்சம்? நல்லா யோசிங்கம்மா. ஒண்ணுமே இல்லாத புள்ளையா?"

ஒரு வடு இருந்தது. அன்று காலை விழுந்தது. வலது காதின் பின்னால், நகத்தளவு. அதை அடையாளமாகச் சொல்லலாம் என்று ஒன்பது இருபதிலிருந்தே எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் எங்கே வெட்டினது, யார் வெட்டினது என்று கேட்பார்கள். அந்தக் கொட்டகைக்கு என்னை அழைத்துப் போவார்கள். அங்கே அத்தனை பேர் முன்னால் அந்த ஆளிடம் நான் போய் நிற்க வேண்டும். பெற்ற குழந்தை காணாமல் போய் இரண்டரை மணி நேரம் ஆன பிறகும் இதை யோசித்தேன். இதைத்தான் ஏழு வருஷமாக என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

"காதுக்குப் பின்னால..." என்று ஆரம்பித்தேன்.

போலீஸ்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன்.

பந்தல் வாசலில் அந்த நாவிதர் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஈரத்துண்டு. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பாப்பா. அவளுடைய இன்னொரு கையில் சிவப்பு ரிப்பன், நனைந்து, முடி ஒட்டியிருந்தது. அதை எடுக்கத்தான் திரும்பப் போயிருக்கிறாள். ஆறு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் வழி ஞாபகம் இருந்திருக்கிறது.

வீட்டுக்காரர் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்ததை அப்படியே எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"காதுக்குப் பின்னாடி பாத்துக்கங்கம்மா, உங்க புள்ளதானான்னு. நான் வெச்ச வெட்டு, எனக்குத் தெரியும். பத்து மணியிலயிருந்து எம் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. மைக்குல சொன்னாங்க, நீதானான்னு கேட்டேன், வாயத் தொறக்கல. பலகைய விட்டு எந்திரிச்சா எனக்கு எடம் போயிரும். அதுக்காக மட்டும் இருக்கல. நீங்க வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். வரல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரக் கேட்டதுக்கு, எங்கம்மா சொல்லக் கூடாதுன்னாங்கன்னுச்சு. சொன்ன பேச்சக் கேக்குற புள்ள. காலைல எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்னு எங்கிட்டயே கேக்குது. அத மட்டும் அதுக்குச் சொல்லிக் குடுத்துறாதீங்க."